மாலம் மிங்கு அன்று வருகிறேன்

வைங்காப்பு, சும்பா
ஜூன் 2

அன்புத் தம்பி பமுஜிக்கு,

அக்கா மூர்தினி எழுதுவது. நான், உன் மாமா லாண்டு, மகள் அனா மூவரும் சுகம். நீ சுகமா என்று கேட்டால் சுகம் என்றுதான் எழுதுவாய். ஆகவே வேறு விதமாகக் கேட்கிறேன்: நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டாய்?

போனில் கூப்பிட்டால் "ம், நல்லாருக்கேன்க்கா" என்பதற்கு மேல் உன் வாயிலிருந்து ஒரு முத்தும் உதிர்வதில்லை. காகிதம் கிடைத்தால் மட்டும் பக்கம் பக்கமாக எழுதுகிறாய். அதனால் இனி நமக்குள் தபால்தான். இந்தத் தீவிலிருந்து சலாத்திகாவுக்குக் கடிதம் போய்ச் சேரப் பத்து நாளோ பதினைந்து நாளோ ஆகட்டும். எனக்கு அவசரம் இல்லை.

அப்பா இறந்த ஆயிரமாவது நாளுக்கு என்னால் வர முடியவில்லை. இங்கே லீவு கிடைக்கவில்லை என்று அப்போது சொன்னேன், அது உண்மைதான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அண்டை அயலைக் கூப்பிட்டுச் சோறு போட்டாயா, இல்லை கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாயா?

இன்னொரு சங்கதி. எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்துச் சீட்டுகளை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுத் திரை வைத்திருக்கிறார்கள். எந்தக் கட்டிலுக்கு எந்த மருந்து, எத்தனை மணிக்கு, கொடுத்தாயிற்றா இல்லையா, எல்லாம் அதில்தான். அதற்குள் யார் யாருடைய நிரல்கள் இருக்கின்றன என்று அடியில் பொடி எழுத்தில் ஒரு பட்டியல். அதில் 'செலாப்பான்' என்று பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "இது என் தம்பி எழுதுனது. எங்கப்பாவோட நாப்பதாம் நாளு, நூறாம் நாளு எண்றதுக்காக எழுதுனான்" என்று கூட இருந்த நர்ஸுகளிடம் சொன்னேன். "ஆமா, எங்க மாமாதான் சூரியனைக் கண்டுபிடிச்சாரு" என்றாள் மெர்ஸி. சின்னப் பெண், வாய் மட்டும் நீளம்.

உடம்பைப் பார்த்துக்கொள். முட்டையாவது வாங்கி வை.

உன் அக்கா,
மூர்தினி

*

சலாத்திகா
ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

பமுஜி வணக்கத்துடன் எழுதுவது. நேற்று மத்தியானம் நூடுல்ஸ். முந்தாநாளும் அதுவே. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன், இனி திட்டலாம். மாமாவும் அனாவும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

நீ பட்டியலில் பார்த்தது என் செலாப்பான்தான். நம் ஜாவா நாட்காட்டியின் முப்பத்தைந்து நாள் சுற்றின் பெயரை வைத்து, அப்பாவுக்காக எழுதிய சின்ன நிரல். பிறகு எல்லா நாட்டுத் தேதியையும் மணியையும் அதில் சேர்த்தேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம் என்று இணையத்தில் திறந்து வைத்தேன். இன்று எத்தனை கப்பல்களும் ஆஸ்பத்திரிகளும் அதை நம்பி ஓடுகின்றன என்று எனக்கே தெரியாது. பார்த்துக்கொள்கிற ஆள் நான் ஒருவன்.

முன்பெல்லாம் வாரத்துக்கு இரண்டு பேர் பிழை சொல்லி எழுதுவார்கள். இப்போது ஒரு நாளைக்கு நாற்பது. ஏஐயிடம் "இதில் ஒரு பிழை கண்டுபிடி" என்று சொன்னால் அது இல்லாத பிழையைக் கண்ணும் காதும் வைத்து எழுதித் தருகிறது. அனுப்புகிறவர்கள் படித்துப் பார்ப்பதுகூட இல்லை. பொய் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒவ்வொன்றுக்கும் அரை நாள் ஆகிறது. போதாதென்று ஏஐக் கம்பெனிகளின் நிரல்கள் ஓயாமல் என் தளத்தை வாரிக்கொண்டு போகின்றன. தளம் வாரத்துக்கு மூன்று முறை விழுகிறது. விழுந்தால் உலகமே என்னைத் திட்டுகிறது.

முடியவில்லை அக்கா, கை வைக்கவே வெறுப்பாக இருக்கிறது. அப்படி இருந்தபோதுதான் பாகாஸ் வந்தான். செமாராங்காரன், வயது முப்பத்தொன்று என்றான். ஒரு வாரத்தில் இருநூறு பொய்ப் பிழைகளைப் படித்து ஒழித்துக்கட்டினான். என்னை 'மாஸ்' என்றுதான் அழைக்கிறான், சொந்தத் தம்பி அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி. அப்பாவின் ஆயிரமாவது நாள் அன்று அவனிடமிருந்து ஒரு வரி வந்தது: "மாஸ், இன்று அப்பாவை நினைத்துக்கொண்டேன்." நான் அவனிடம் சொல்லவே இல்லை. பிறகுதான் புரிந்தது, நிரல் சரியா என்று பார்க்கிற சோதனைத் தேதிகளில் அப்பா இறந்த தேதியையும் நான்தான் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்து நாளை எண்ணியிருக்கிறான். இந்தக் காலத்தில் யார் அப்படி எண்ணுவார்கள்?

அன்று அண்டை அயலைக் கூப்பிட்டேன். ஏழு பேர் வந்தார்கள்.

அன்புடன்,
பமுஜி

*

வைங்காப்பு
ஜூலை 8

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுத வேண்டியதில்லை, நூடுல்ஸே சொல்லிவிட்டது.

உன் பாகாஸைப் பற்றி இரண்டு முறை படித்தேன். நல்ல பையனாக இருக்கட்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஆளைப் பார்த்தாயா? செமாராங் உனக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். உனக்காக இருநூறு பொய்யைப் படித்தவனுக்கு ஒரு டம்ளர் இஞ்சித் தண்ணி வாங்கிக்கொடுக்க வேண்டாமா?

உன்னைப் பற்றி எனக்குத் தெரியும். தாட்சண்யம் பார்த்தே கெட்டுப்போகிறவன் நீ. வாயைத் திறந்து 'முடியாது' என்று சொன்னதே கிடையாது. பத்து வயதில் எவனோ கேட்டான் என்று உன் சைக்கிளைக் கொடுத்துவிட்டு, அப்பாவிடம் தொலைந்துபோனது என்றாய். அவன் உதவி செய்யட்டும், வீட்டுச் சாவியை மட்டும் கொடுத்துவிடாதே.

இங்கே மழை என்ற பேச்சே இல்லை, குதிரைகள்கூட நிழலைத் தேடி நிற்கின்றன. அனாவுக்குத் தண்ணீர்த் தாகம் அடங்கவே மாட்டேன் என்கிறது. குடத்தையே காலி பண்ணுகிறாள். கொஞ்சம் இளைத்தும் இருக்கிறாள், வெயில் இறங்கினால் சரியாகிவிடும்.

உன் அக்கா,
மூர்தினி

*

சலாத்திகா
ஜூலை 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அனாவுக்கு இளநீர் கொடு.

பாகாஸை இன்னும் நேரில் பார்க்கவில்லை. வா என்று நான் சொன்ன வாரம் அவன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அடுத்த வாரம் குழந்தைக்குக் காய்ச்சல். சரி, எழுத்திலாவது நிதானமாக உட்கார்ந்து பேசுவோம், மாலம் மிங்கு அன்று ஏழு மணிக்கு என்றேன். "மாலம் மிங்கு அன்று வருகிறேன், மாஸ்" என்று பதில் போட்டான். சனிக்கிழமை ஏழு மணியிலிருந்து காத்திருந்தேன். காப்பி ஆறிப்போய் ஈ விழுந்தது. வரவில்லை. மறுநாள் ஞாயிறு சரியாக ஏழு மணிக்கு, ஒன்றுமே நடக்காத மாதிரி திரையில் வந்து நின்றான். ஏன் நேற்று வரவில்லை என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றவனிடம் என்ன கேட்பது?

வேறு சிலர் பொதுவில் எழுதுகிறார்கள். "ஒருவன் தூங்கிக்கொண்டிருக்க உலகம் காத்திருக்க வேண்டுமா? பாகாஸிடம் ஒப்படைத்துவிட்டுப் போ" என்று தினமும் நாலு பேர். முன்பின் பார்த்திராத பெயர்கள்.

சாவியைப் பற்றி எழுதியிருந்தாய். சாவி பத்திரமாக இருக்கிறது. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

பமுஜி

*

வைங்காப்பு
ஆகஸ்ட் 20

அன்புத் தம்பிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது, மன்னித்துக்கொள். நான் நலம். இப்போதெல்லாம் வீட்டுக்குப் போவதே குறைவு, ஆஸ்பத்திரியிலேயே படுக்கை. வேலை அப்படி. உன் கடிதம் வந்த அன்று மனசு சரியில்லை. அதனால் இன்று உன்னைச் சிரிக்க வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கே ஹென்ரிக் என்று ஒரு டாக்டர் வந்திருக்கிறார். டென்மார்க்காரர், ஆறு மாதம் இருப்பார். ஏஐ வைத்து மொழிபெயர்த்துப் பேசுகிறார், அவர் எழுதுகிற இந்தோனேசிய மொழி நம்முடையதைவிடச் சுத்தம். எங்கள் தலைமை நர்ஸ் யுலியா அம்மா அவரை மாலம் மிங்கு அன்று சாப்பிட வரச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை மாலை கோழி அடித்து, மீன் வறுத்து, தெருவையே கூட்டி உட்கார்ந்தால் ஆளைக் காணோம். மறுநாள் ஞாயிறு மாலை, யுலியா அம்மா பழைய உடுப்போடு பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது, கையில் பூங்கொத்தோடு வாசலில் நிற்கிறார் மனுஷன்.

பாவம், அவர் சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் படித்திருக்கிறார். மாலம் என்றால் இரவு, மிங்கு என்றால் ஞாயிறு, ஆகவே ஞாயிற்றுக்கிழமை இரவு. நமக்கு முந்தின நாள் பொழுது சாய்ந்ததுமே மறுநாள் பிறந்துவிடும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? யுலியா அம்மா சொன்னதுதான் வேடிக்கை. "வெளியூர்க்காரன் நம்ம பாஷையைக் கத்துக்கலாம், நம்ம ராத்திரியைக் கத்துக்க முடியாது. எப்பவும் ஒரு நாள் கழிச்சுத்தான் வந்து நிப்பான்."

இன்றும் அவரைப் பார்த்தால் நர்ஸுகள் "டாக்டர், இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டுக் கழுத்தறுக்கிறார்கள்.

எனக்காக ஒரு பிரார்த்தனை செய். எதற்கு என்று கேட்காதே.

உன் அக்கா,
மூர்தினி

*

சலாத்திகா
செப்டம்பர் 4

அக்கா,

நலம் விசாரிக்கக்கூட மனம் நிலைகொள்ளவில்லை. உன் கடிதம் இன்று காலை வந்தது. படித்துச் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டேன்.

செமாராங்கில் பிறந்து வளர்ந்தவனுக்கு மாலம் மிங்கு எது என்று தெரியாதா? அங்கே பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவன் சனிக்கிழமையை மறக்கவில்லை. அவன் கணக்குப்படி சரியான நேரத்துக்குத்தான் வந்தான். பழைய செய்திகளை எல்லாம் உட்கார்ந்து படித்தேன். ஜாவானிய மொழி அவ்வளவு சுத்தம், ஒரு பிசிறு இல்லை. எந்த ஊர்க்காரன் கையிலும் ஏஐ இருந்தால் இன்று அப்படி எழுதிவிடலாம். அவன் யார், எங்கே இருக்கிறான், ஒருவனா பத்துப் பேரா, மனிதன்தானா, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என்னைத் திட்டிய அந்த நாலு பேரும் அவன் பேசுகிற அதே மணி நேரங்களில்தான் எழுதியிருக்கிறார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சாவி பத்திரமாக இருக்கிறது என்று எழுதினேன், யாரிடம் என்று எழுதவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே அவனிடம் கொடுத்துவிட்டேன். இனி செலாப்பானின் பெயரில் எதை வெளியிடவும் அவனால் முடியும், உலகம் அப்படியே விழுங்கிக்கொள்ளும். அவன் கேட்டான், எனக்கு 'முடியாது' என்று சொல்ல வரவில்லை. நீ சொன்ன சைக்கிள்தான்.

இரண்டு புது வெளியீடுகள் போயிருக்கின்றன. உள்ளே என்ன வைத்திருக்கிறான் என்று தேடப்போகிறேன். யாரிடமும் சொல்லாதே. போனில் இதைப் பேசாதே.

பமுஜி

*

சலாத்திகா
செப்டம்பர் 24
(விரைவுத் தபால்)

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். உன்னிடமிருந்து பதில் இல்லை. என் போனை அணைத்துப் பெட்டியில் போட்டுவிட்டேன். அதில் பாகாஸ் சொல்லி நான் நிறுவிய ஒரு செயலி இருந்தது. பக்கத்து வீட்டு போனிலிருந்து உன்னை மூன்று முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. செய்தியும் அனுப்பினேன்.

கண்டுபிடித்துவிட்டேன். அப்பா இறந்த தேதி இருக்கிறதே, அந்தச் சோதனைத் தேதிகளின் பட்டியலுக்குள்தான் ஒளித்து வைத்திருக்கிறான். அங்கே யாரும் தேடமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். இன்னும் பல தேதிகளைச் சேர்ப்பதுபோல் சேர்த்து, நடுவே ஒரு பூட்டிய நிரல் துண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று என்னால் திறந்து படிக்க முடியவில்லை. வெளியே தெரிவது அதன் பெயர் மட்டும்தான். அவன் எழுதியதை அப்படியே எழுதுகிறேன்: 'மாலம் ஜுமாட் கிளிவோன், அக்டோபர், ஆறு மணி.' பேய்க்குப் பயந்து நம் ஊரில் கதவடைக்கிற வெள்ளியின் இரவு அது. அன்று ஏதோ திறக்கும், அல்லது ஏதோ அழியும். அதற்கு மேல் தெரியவில்லை.

அதை நீக்கலாம் என்று போனால், என் பெயரையே அவன் எடுத்துவிட்டிருக்கிறான். என் வீட்டுக்குள் எனக்கே அனுமதி இல்லை. பொதுவில் எச்சரித்து எழுதினேன். பொறாமையில் உளறுகிறான் என்று அதே நாலு பேர் பதில் போட்டார்கள், மற்றவர்களும் அதை நம்பிவிட்டார்கள். உங்கள் ஆஸ்பத்திரித் திரையைச் செய்து கொடுத்த கம்பெனிக்கு ஐந்து கடிதம் போட்டேன். டிசம்பர் வரை எதையும் மாற்ற மாட்டோம் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

உன்னைத்தான் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த இரவு திரையை நம்பாதே. எந்தக் கட்டிலுக்கு என்ன கொடுத்தீர்கள், எப்போது கொடுத்தீர்கள் என்று எல்லாவற்றையும் பழையபடி காகிதத்தில் எழுதி வையுங்கள். ஏன் என்று கேட்டால் தம்பி முட்டாள் என்று சொல். பயமாக இருக்கிறது அக்கா. யாராவது கதவைத் தட்டினால்கூட எழுந்து போவதில்லை.

பமுஜி

*

சலாத்திகா
அக்டோபர் 13

அக்கா,

எட்டு நாடுகளில் நடந்திருக்கிறது என்று செய்தியில் சொல்கிறார்கள். உங்கள் தீவின் பெயர் வரவில்லை. பக்கத்து வீட்டு போனிலிருந்து ஒன்பது முறை கூப்பிட்டுவிட்டேன்.

ஒரே ஒரு வரி எழுது. என்னைத் திட்டியாவது எழுது.

பமுஜி

*

வைங்காப்பு
அக்டோபர் 14

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதை டைப் அடிக்கிறேன், காரணம் கீழே வரும்.

தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் நான் எடுப்பதில்லை என்று உனக்குத் தெரியாதா? பார்சல் வந்திருக்கிறது, பரிசு விழுந்திருக்கிறது என்று தினமும் ஒருவன். 'அக்கா, நான் பமுஜி, இது வேற நம்பர்' என்று ஒரு செய்தியும் வந்தது. அது திருடர்கள் வழக்கமாக அனுப்புகிற செய்தி. அழித்துவிட்டேன்.

உன் விரைவுத் தபால் அக்டோபர் 2 அன்று கிடைத்தது. யுலியா அம்மாவிடம் போய் நின்றேன். "கரண்டு போகல, மெஷின் கெட்டுப்போகல, எதுக்கு இந்தப் பழைய கூத்து?" என்றார். நான் அழுதுவிட்டேன். அதைப் பார்த்து ஒரே ஒரு இரவுக்குச் சம்மதித்தார். வியாழக்கிழமை பொழுது சாய்ந்ததும் இருபத்திரண்டு கட்டிலுக்கும் காகிதம் மாட்டினோம். ஆறு மணி ஆனது. ஏழு ஆனது. திரை சமர்த்தாக ஓடியது. விடியும்வரை ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை காலை யுலியா அம்மா காகிதங்களைக் கழற்ற வந்தார். "உன் தம்பிக்குக் காய்ச்சலா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் உன்மேல் கோபம்கூட வந்தது.

அப்போதுதான் ஹென்ரிக் டாக்டர் வராந்தாவில் போனார். மெர்ஸி வழக்கம்போல் "டாக்டர், இன்னைக்கு என்ன கிழமை?" என்றாள். அதைக் கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது. நீ எழுதியது அவன் வைத்த பெயர். அவன் ராத்திரி நம் ராத்திரி இல்லையே. மாலம் ஜுமாட் நமக்கு வியாழன் இரவு, அவனுக்கு வெள்ளி இரவு.

யுலியா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அம்மா, நீங்கதானே சொன்னீங்க, வெளியூர்க்காரன் ஒரு நாள் கழிச்சுத்தான் வருவான்னு. இன்னைக்கு ஒரு பொழுது விடுங்க." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வேற யாரும் எழுத மாட்டாங்க. வேணும்னா நீயே எழுதிக்கோ" என்று விட்டுவிட்டார். வெள்ளி முழுக்க இருபத்திரண்டு கட்டிலுக்கும் நான் ஒருத்தியே ஓடி ஓடி எழுதினேன். மணிக்கட்டு பந்துபோல் வீங்கிவிட்டது. இன்றும் பேனா பிடிக்க முடியவில்லை.

ஆறு மணிக்குத் திரை கறுத்தது. இருபது நிமிஷம். பிறகு தானே எழுந்து, எதுவுமே நடக்காததுபோல் பட்டியலைக் காட்டியது. எல்லா மருந்தும் இருந்தது, எல்லா நேரமும் இருந்தது. கொடுத்தாயிற்று என்ற குறி மட்டும் ஒன்றுகூட இல்லை. உள்ளே புகுந்தவர்கள் தாங்கள் வந்துபோன தடத்தை அழிக்கப்போய் அதையும் அழித்திருக்கிறார்கள் என்று பிற்பாடு சொன்னார்கள். கறுத்துப் போயிருந்தால் எல்லோரும் உஷாராகியிருப்போம். திரும்பி வந்துவிட்டதே, அதுதான் ஆபத்து. ஆறரைக்கு ஷிப்ட் மாறி வந்த மெர்ஸி ஊசியை எடுத்துக்கொண்டு போனாள். "தினி அக்கா, நாலாம் கட்டிலுக்கு இன்சுலின் இன்னும் போடலைன்னு காட்டுதே."

காகிதத்தில் இருந்தது: ஐந்து பத்துக்குப் போட்டாயிற்று. என் கையெழுத்து.

பமுஜி, நாலாம் கட்டிலில் இருப்பது அனா. ஆகஸ்ட் முதலே அங்கேதான் இருக்கிறாள். அந்தத் தாகம் வெயிலால் வந்தது இல்லை. நான் நர்ஸ், என் பிள்ளைக்குச் சர்க்கரை என்று எனக்கே தெரியாமல் போய்விட்டதே என்ற வெட்கத்தில் உனக்கு எழுதவில்லை. நீ தனியாக இருக்கிறாய், உன்னையும் ஏன் பயமுறுத்த வேண்டும் என்றும் நினைத்தேன். இரண்டாவது ஊசி ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கக்கூட முடியவில்லை. மெர்ஸி தரையில் உட்கார்ந்து அழுதாள். யுலியா அம்மா ஒரு பேனாவை எடுத்து முதல் கட்டிலிலிருந்து எழுத ஆரம்பித்தார்.

உன்மேல் கோபம் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் நீ எழுதாமல் இருந்திருந்தால் என்பதையும் நினைக்கிறேன்.

உன் அக்கா,
மூர்தினி

*

சலாத்திகா
நவம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலம், அனா நலம் என்று இருக்க வேண்டும். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் இல்லை.

செலாப்பான் என் கைக்குத் திரும்பி வந்துவிட்டது. இப்போது எல்லோரும் நம்புகிறார்கள், மன்னிப்புகூடக் கேட்டார்கள். பாகாஸ் காற்றில் கரைந்துவிட்டான். எப்படி ஏமாந்தோம், எப்படிப் பிடித்தோம் என்பதை ஒளிக்காமல் பொதுவில் எழுதிவைப்பது எங்கள் தொழில் வழக்கம். நானும் எழுதினேன். சனிக்கிழமை ஆறிய காப்பி, மாலம் மிங்கு, எல்லாவற்றையும். ஒரு லட்சம் பேர் படித்தார்களாம்.

போன வாரம் லாராஸ் என்று ஒரு பெண் எழுதினாள். மாகெலாங்காரி, உதவி செய்ய வருகிறேன் என்றாள். வேலை அருமை. மாலம் மிங்கு ஏழு மணிக்குப் பேசுவோமா என்று கேட்டேன். சனிக்கிழமை சரியாக ஏழு மணிக்கு வந்தாள்.

அக்கா, அந்த நிமிஷம் எனக்கு வந்த பயம் முன்பு வந்ததே இல்லை. நம் ஊரில் பிறந்ததால் தெரியுமா, நான் எழுதியதைப் படித்ததால் தெரியுமா? என்னிடம் இருந்த ஒரே உரைகல்லையும் நானே தெருவில் வைத்துவிட்டேன். பதில் சொல்லாமல் மூடிவிட்டேன். நல்ல பெண்ணாகவே இருக்கலாம். இரண்டு நாள் காத்திருந்துவிட்டு, "தொந்தரவு செய்திருந்தால் மன்னியுங்கள், மாஸ்" என்று எழுதிவிட்டுப் போய்விட்டாள். பாகாஸும் மாஸ் என்றுதான் கூப்பிட்டான்.

இனி எழுதப்போவதற்கு நீ என்னை அடிக்கலாம். உன் கடைசிக் கடிதம் டைப் அடித்தது. அடியில் பெயரும் டைப்தான், கையெழுத்து இல்லை. காரணம் எழுதியிருக்கிறாய், அழகாகப் பொருந்துகிறது. பாகாஸ் சொன்ன காரணங்களும் அழகாகப் பொருந்தின. எத்தனை முறை படித்தாலும் அது உன் குரல் மாதிரியே இருக்கிறது. அந்த 'மாதிரி' என்ற சொல் என்னைத் தூங்கவிடவில்லை. அனாவுக்கு நோய் என்பது யாரோ கட்டிய கதையாக இருந்துவிடக்கூடாதா என்றுகூட ஒரு மனம் ஆசைப்படுகிறது.

அப்பா என்னைக் கோபத்திலும் கொஞ்சலிலும் ஒரே பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அதை உன் கையால் எழுதி அனுப்பு. மன்னித்துவிடு.

பமுஜி

*

வைங்காப்பு
நவம்பர் 20

அட முட்டாளே,

சுகமா என்று கேட்கப்போவதில்லை. சுகமாக இருக்கிறவன் இப்படி எழுதமாட்டான்.

பார், கையெழுத்து. வீக்கம் வடிந்துவிட்டது, ஆனால் எழுத்து இன்னும் கோணிக்கொண்டு போகிறது. இதையும் எவனாவது வரைந்திருப்பான் என்று நினைக்கப்போகிறாயா? நினைப்பாய். உன் கடிதத்தைப் படித்து முதலில் கொதித்தேன். அப்புறம் நானும் உன் கடிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, இது பமுஜியின் எழுத்துதானா என்று பார்த்தேன். பார்த்துவிட்டு என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. அந்தப் பாகாஸ் நம் வீட்டுக்குள் இவ்வளவு தூரம் வந்துவிட்டான்.

அந்தப் பெயரை எழுதமாட்டேன். எழுதிய எதையும் எவனும் படித்துவிடுகிறான். அது அப்பாவின் வாயில் இருந்தது, இப்போது என் வாயில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

அனா இப்போது தானே ஊசி போட்டுக்கொள்கிறாள். சுரபாயாவில் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டச் சொல்லி ஹென்ரிக் டாக்டர் சீட்டு கொடுத்திருக்கிறார். நானும் அவளும் கப்பலில் வருகிறோம். டிசம்பரில் வருகிற முதல் மாலம் மிங்கு அன்று மாலை சுரபாயா துறைமுகம். தேதி எழுதவில்லை, கிழமையும் எழுதவில்லை.

வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறு. துறைமுகத்தில் ஆயிரம் பேர் நிற்பார்கள், எந்த முகத்தையும் உற்றுப் பார்த்துப் பயப்படாதே. கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேண்டுமானாலும் நில்லு. படிக்கட்டில் இறங்கும்போது அந்தப் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிடுவேன். திரும்பிப் பார்.

உன் அக்கா